காற்றைச் சோதிக்கும் கடமை

(கழகத்தின் வெள்ளிவிழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

கல்விக் கழகத்தின் வெள்ளிவிழாவில் குளிர்சாதனத்தைப் பற்றியும் கொதிகலனைப் பற்றியும் பேச வேண்டுமா என்று சிலர் எண்ணக்கூடும். ஆய்வுப் பணியில் காலம் கழித்தவர்கள் நாங்கள். மனிதன் சுவாசிக்கும் காற்றைச் சோதித்து, 'இது தகும், இது தகாது' என்று எழுதிக் கையொப்பமிடும் அதிகாரம் சிறிய அதிகாரமன்று. அது நம் பிள்ளைகளின் கைக்கு வரவேண்டும்; வந்தபின் அது யாருக்குப் பயன்பட வேண்டும் என்பதையும் அவர்கள் உணர வேண்டும். இதுவே எங்கள் உரையின் பொருள்.

அமெரிக்க நகரங்களில், கட்டடங்களின் வெப்பமூட்டும் கருவிகளையும் குளிரூட்டும் கருவிகளையும் சோதிப்பதற்கென்றே நகராட்சி ஆய்வாளர்கள் உள்ளனர். நம் மதுரையில் அப்பணி பலருக்குப் பகிர்ந்தளிக்கப்பட்டுள்ளது. ஆலையின் காற்றோட்டத்தைத் தொழிலகப் பாதுகாப்புத் துறையும், கொதிகலனைக் கொதிகலன் துறையும், மின் அமைப்பை மின் ஆய்வுத் துறையும், ஊரின் சுகாதாரத்தை மாநகராட்சிச் சுகாதார ஆய்வாளரும் கவனிக்கின்றனர். துறைகள் பல, கேள்வி ஒன்றே: உள்ளே இருப்பவரின் உயிருக்கு ஊறு நேருமா?

இத்தொழிலின் வரலாறும் நமக்கு ஒரு பாடமாகும். 1902இல் வில்லிஸ் கேரியர் என்னும் பொறியாளர், நியூயார்க்கில் ஓர் அச்சகத்துக்காகக் காற்றின் ஈரத்தைக் கட்டுப்படுத்தும் அமைப்பை வகுத்தார். ஈரத்தால் தாள் விரிந்து சுருங்கி அச்சுப் பிசகியதே காரணம். 1906இல் 'ஏர் கண்டிஷனிங்' என்னும் சொல்லை வழங்கிய ஸ்டூவர்ட் கிரேமர் ஒரு பஞ்சாலைப் பொறியாளர். காற்று வறண்டால் நூல் அறும். ஆகவே ஆலைக்குள் ஈரம் ஊட்டினர். முதலில் தாளுக்கும் நூலுக்கும் நல்ல காற்று. மனிதனுக்கு அதன் பின்னரே! ஹார்வி மில்லின் சங்கொலி கேட்டு எழுந்த மதுரைக்கு இது புரியாத செய்தியன்று.

மனிதனுக்காகச் சட்டம் பேச வேண்டியிருந்தது. வைசிராயின் நிர்வாகக் குழுவில் 1942 முதல் 1946 வரை தொழிலாளர் துறையை வகித்த அண்ணல் அம்பேத்கர், ஆலைத் தொழிலாளரின் வார வேலை நேரத்தை 54 மணியிலிருந்து 48 மணியாகக் குறைக்கும் திருத்தத்தை 1946இல் கொண்டுவந்தார். அடுத்து வந்த 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் 13ஆம் பிரிவு காற்றோட்டத்தையும் வெப்பநிலையையும், 14ஆம் பிரிவு தூசியையும் புகையையும், 15ஆம் பிரிவு செயற்கை ஈரமூட்டலையும் வரையறுத்தன. 2025 நவம்பரில் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்தன. சட்டத்தின் பெயர் மாறினாலும் மூச்சின் தேவை மாறவில்லை.

ஆய்வு என்பது கருவியின் பளபளப்பைப் பார்த்துத் திரும்புவதன்று. வெளிக்காற்று எவ்வழியே நுழைகிறது? அதன் அருகே ஜெனரேட்டரின் புகைக்குழாய் உள்ளதா? வடிகட்டியைக் கழுவி எத்தனை நாளாயிற்று? வடியும் நீர் எங்கே தேங்குகிறது? உலர்குமிழ், ஈரக்குமிழ் வெப்பமானிகள் என்ன காட்டுகின்றன? ஈரக்குமிழின் அளவு மிக உயர்ந்தால் வியர்வை ஆறாது. உடலின் சூடு தணியாது. ஐஸ் தொழிற்சாலையில் அம்மோனியா கசிந்தால் மூக்கே சொல்லிவிடும்; கந்தகத்தைக் கொளுத்தி அருகே கொண்டுசென்றால் வெண்புகை கசியும் இடத்தைக் காட்டிக்கொடுக்கும். குளிரூட்டியில் உள்ள ஆர்-22 வாயு அப்படியன்று. அது காற்றைவிடக் கனமானது. தாழ்ந்த அறையில் தங்கி மூச்சுக்காற்றை விலக்கிவிடும். ஜெனரேட்டர் புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு மணமே இல்லை. மூக்கை நம்பாதே, அளவுகருவியை நம்பு என்பதே இத்தொழிலின் முதற்பாடம்.

இவ்விடத்தில் நெஞ்சைச் சுடும் ஓர் உண்மையைச் சொல்லியாக வேண்டும். அந்த 1948ஆம் ஆண்டுச் சட்டத்தின் 36ஆம் பிரிவு, நச்சுவாயு தங்கக்கூடிய தொட்டிக்குள் ஒருவர் இறங்குமுன் வாயுவைச் சோதித்துத் தகுதியுள்ளவர் சான்று எழுத வேண்டும். இல்லையேல் இறங்குபவர் சுவாசக் கருவி அணிந்து, இடுப்பு வாரில் கட்டிய கயிற்றின் மறுமுனையை வெளியே ஒருவர் பிடித்திருக்க வேண்டும் என்றது. ஆனால் அச்சட்டம் தொழிற்சாலை மதிலோடு நின்றுவிட்டது. மதிலுக்கு வெளியே, தெருவின் பாதாளச் சாக்கடையில் இறங்கிய நம் சகோதரனுக்குச் சோதனையும் இல்லை, கயிறும் இல்லை! அங்கே உருவாகும் ஐதரசன் சல்பைடு, சிறிதளவில் அழுகிய முட்டைபோல் நாறும். மிகுந்தால் மோப்ப உணர்வையே மரக்கச் செய்யும். நாற்றம் நின்றது என்று நம்பி இறங்குபவர் திரும்புவதில்லை.

அறிவு இல்லாமலா இது நடந்தது? அன்று, அக்கறை இல்லாமல் நடந்தது. பாதுகாப்பின்றிச் சாக்கடையிலும் மலக்குழியிலும் மனிதரை இறக்குவதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடைசெய்தது. சாக்கடையில் உயிர்நீத்தோர் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் வழங்க 2014இல் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. 2023 அக்டோபரில் அத்தொகையை 30 லட்சமாக உயர்த்தியது. ஆயினும் இழப்பீடு என்பது இறந்தபின் வருவது. இறங்குமுன் தடுப்பது ஆய்வாளரின் கடமை.

அக்கடமையைச் செய்யும்போது சோதனைகள் வரும். கையொப்பம் வேண்டி வருபவர் நாற்காலி எடுத்துப் போடுவார்; மறுத்தால் நம் சாதியைச் சொல்லி முணுமுணுப்பார். இரண்டுக்கும் அசையாதிருக்கப் பழக வேண்டும். மேலூரை அடுத்த தும்பைப்பட்டியில் பிறந்து, 1939 ஜூலை 8 அன்று மீனாட்சியம்மன் கோயிலுக்குள் நுழைந்தோருள் ஒருவரான கக்கன், பொதுப்பணித் துறைக்கும் உள்துறைக்கும் அமைச்சராக இருந்தார். பதவி போனபின் மதுரை அரசு மருத்துவமனையின் பொதுப்பிரிவில்தான் சிகிச்சைக்குச் சேர்ந்தார். நம் மண்ணில் இத்தகைய நேர்மையாளர் வாழ்ந்திருக்க, வேறு முன்மாதிரியை நாம் எங்கே தேட வேண்டும்?

இளைஞர்களே! பத்தாம் வகுப்பில் கணிதமும் அறிவியலும் தேறியவர்கள் தொழிற்பயிற்சி நிலையத்தில் குளிர்பதனத் தொழிலை 2 ஆண்டுகளில் கற்கலாம். மேலும் படித்துப் பொறியியல் பட்டம் பெற்றோர், அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் வழியே ஆய்வுத் துறைகளில் நுழையலாம். கணிதம் கடினம் என்று ஒதுங்காதீர்கள். அளக்கத் தெரியாதவரை எவரும் எளிதில் ஏமாற்றிவிடுவர்.

கழகம் நம் பிள்ளைகளுக்கு எழுத்தைக் கொடுத்தது. அவ்வெழுத்து ஒருநாள் ஆய்வுச் சான்றில் கையொப்பமாக அமையட்டும். அச்சான்று, குளிர்ந்த அறையில் அமர்ந்திருப்போருக்கு முன்பாக, கொதிகலன் அருகிலும் குழியின் வாயிலும் நிற்பவரின் மூச்சைக் காக்கட்டும் என்று வேண்டி அமைகிறோம்.