அளவுக் கம்போடு ஒரு சாலை



தூத்துக்குடியிலிருந்து மதுரை போகும் நாற்கர சாலையில் அடிக்கடி பயணம் செய்கிறவர்கள் இதைப் பார்த்திருப்பீர்கள். முன்னால் மஞ்சள் விளக்கு சுழல ஒரு ஜீப் மெதுவாகப் போகும். அதன் பின்னால், ஒரு தடத்தை முழுக்க அடைத்து அடுத்த தடத்திலும் கொஞ்சம் ஏறிக்கொண்டு, பிரம்மாண்டமான உருளை ஒன்று டிரெய்லரில் படுத்தபடி வரும். பேருந்தில் இருக்கும் குழந்தைகள் ராக்கெட் என்று கத்துவார்கள். பல நேரம் அது தண்ணீர்த் தொட்டிதான். அனல் மின் நிலையங்களுக்கும் பெரிய ஆலைகளுக்கும் தண்ணீரைச் சுத்திகரிக்கிற தொட்டி. வ.உ.சி. துறைமுகத்தில் கப்பலிலிருந்து இறங்கி, உள்நாட்டுக்குப் போகிறது. அப்படிப்பட்ட தொட்டிகளுக்கு வழி பார்த்துக் கொடுப்பது என் தொழில். அதைப் பற்றித்தான் இன்று உங்களோடு பேசப் போகிறேன்.

முதலில் அளவு. விட்டம் 4.2 மீட்டர், நீளம் 14 மீட்டர் என்று ஒரு தொட்டியை எடுத்துக்கொள்வோம். அதில் ஏறக்குறைய 1,90,000 லிட்டர் தண்ணீர் பிடிக்கும். நிரப்பினால் தண்ணீர் மட்டுமே 190 டன். ஆனால் நாங்கள் ஏற்றுவது காலித் தொட்டி. இரும்பின் எடை 23, 24 டன்தான் வரும். சாதாரண டாரஸ் லாரிகள் தினமும் சுமந்துபோகிற எடை. அப்புறம் எதற்கு இவ்வளவு ஆர்ப்பாட்டம் என்று கேட்பீர்கள். எடை எங்களுக்குப் பிரச்சினையே இல்லை. தொட்டி அடைத்துக்கொள்கிற இடம்தான் பிரச்சினை. நம் நாட்டு மோட்டார் வாகன விதிப்படி ஒரு வாகனத்தின் அகலம் 2.6 மீட்டரைத் தாண்டக் கூடாது. இது 4.2. அதனால்தான் தனி அனுமதி, பைலட் வண்டி, சிவப்புக் கொடி எல்லாம். எங்கள் ஆட்கள் இதை ஓ.டி.சி., அதாவது அளவு மீறிய சரக்கு என்பார்கள்.

தகடாகக் கொண்டுபோய் ஆலையிலேயே வைத்துப் பற்றவைக்கலாமே என்று ஒரு கல்லூரி மாணவர் என்னிடம் கேட்டார். நல்ல கேள்வி. கச்சா எண்ணெய்க் கிடங்குகளில் நிற்கும் ராட்சதத் தொட்டிகளை அப்படித்தான் அந்த இடத்திலேயே கட்டுகிறார்கள். ஆனால் கொதிகலனுக்குப் போகிற தண்ணீரில் உப்பு இருக்கக் கூடாது. உப்பை நீக்கும் தொட்டிக்குள் அமிலமும் காரமும் மாறி மாறிப் பாயும். இரும்பை அவை தின்றுவிடாமல் இருக்க, உட்புறம் முழுவதும் ரப்பர் ஒட்டி, அதை நீராவியில் வேகவைத்து இறுக்கியிருப்பார்கள். பட்டறையில் செய்ய வேண்டிய வேலை அது. ரப்பர் ஒட்டிய பிறகு வெளியே ஒரு விரற்கடை வெல்டிங் வைத்தாலும் உள்ளே ரப்பர் கருகிவிடும். ஆகவே தொட்டி முழுசாகத்தான் வந்தாக வேண்டும். டிரெய்லரில் கட்டும்போதும் சங்கிலி, பெல்ட், மரக்கட்டை மட்டும்தான். வெல்டிங் மிஷினைப் பக்கத்திலேயே விடமாட்டோம்.

ஏற்றுவதைப் பற்றி ஒன்றே ஒன்று சொல்லிவிட்டு நகர்கிறேன். ஏற்றும் முன் அடியிலுள்ள வடிகுழாயைத் திறந்து பார்க்க வேண்டும். சோதனைக்கு விட்ட தண்ணீரோ மழைத் தண்ணீரோ உள்ளே தங்கியிருக்கும். படுத்திருக்கும் தொட்டியில் 30 சென்டிமீட்டர் ஆழத்துக்குத் தண்ணீர் கிடந்தால்கூட அது ஆறு டன். பிரேக் போட்டால் அந்த ஆறு டன்னும் முன்னால் ஓடும்.

இனி எனக்குப் பிடித்த பகுதிக்கு வருகிறேன். ரூட் சர்வே. கப்பல் வருவதற்குச் சில வாரங்கள் முன்பே நாங்கள் சாலையில் இறங்கிவிடுவோம். கையில் அளவுக் கம்பு. மடக்கி நீட்டக்கூடிய ஃபைபர் கம்பு அது. மூங்கில் வேண்டாம், ஈரம் பட்ட மூங்கிலில் மின்சாரம் பாயும். நம் தொட்டியைத் தாழ்வான லோ-பெட் டிரெய்லரில் வைத்தால் தரையிலிருந்து உச்சி 5.25 மீட்டர். துறைமுக வாசலிலிருந்து ஆலை வாசல் வரை தலைக்கு மேல் என்ன தொங்கினாலும் அதை அளந்து எழுதவேண்டும். மின்கம்பி, கேபிள் டி.வி. வயர், அரசியல் கட்சி வளைவு, வழிகாட்டிப் பலகை, மரக்கிளை, மேம்பாலம், ஒன்றும் பாக்கி இருக்கக் கூடாது.

மின்கம்பியை எப்போது அளப்பது தெரியுமா? உச்சி வெயிலில். அலுமினியக் கம்பி சூட்டில் நீளும், நீண்டால் தொய்யும். காலை ஆறு மணிக்கு அளந்துவிட்டு, போகிற அன்று பிற்பகல் இரண்டு மணிக்கு அதே கம்பியின் கீழ் வந்து நின்றால் கணக்கு உதைக்கும். சித்திரை வெயிலில் ரோட்டில் நின்று கம்பி அளக்கிறவனை எல்லோரும் பரிதாபமாகப் பார்ப்பார்கள். எட்டயபுரத்துக்கு அப்பால் ஒரு டீக்கடையில் நிழலுக்கு ஒதுங்கியபோது கடைக்கார ஆச்சி, "என்னய்யா, வயரையா அளக்குதிய? அந்தா அந்த மூணாவது போஸ்டுக்குப் பக்கத்துல பாருங்க, வைக்கோல் லாரி வந்தா எப்பவும் அங்கதான் உரசும்" என்றார். போய்ப் பார்த்தோம். அந்த வழியில் இருந்ததிலேயே தாழ்ந்த கம்பி அதுதான். அதிலிருந்து எந்த ஊருக்குப் போனாலும் டீக்கடையில் முதலில் வைக்கோல் லாரியைப் பற்றி விசாரித்துவிடுவது என் வழக்கம். நேயர்களே, உங்கள் ஊர்ச் சாலையைப் பற்றி உங்களுக்குத் தெரிந்தது எந்த வரைபடத்திலும் இல்லை.

அடுத்தது மேம்பாலங்கள். சாலைக்குக் குறுக்கே மேலே பாலம் போகிற இடங்களில் உயரத்தைப் பலகையில் எழுதி வைத்திருப்பார்கள். 5.5 மீட்டர் என்று போட்டிருக்கும். நம் தொட்டி 5.25. கால் மீட்டர் இடைவெளி, தாராளம் என்று தோன்றும். ஆனால் நான் பலகையை நம்பி ஒரு வண்டியையும் விட்டதில்லை. காரணம் மேலே இல்லை, கீழே இருக்கிறது. சாலை பழுதானால் பழைய தாரின் மேலேயே புதுத் தார் போடுகிறார்கள். ஒவ்வொரு முறையும் தரை சில சென்டிமீட்டர் உயருகிறது. பாலம் உயருவதில்லை, பலகையும் மாறுவதில்லை. பலகையில் 5.5 என்றிருந்த ஓர் இடத்தில் என் கம்பு 5.3 காட்டியிருக்கிறது. மிச்சம் ஐந்து சென்டிமீட்டர், அதாவது மூன்று விரல் அகலம். ஒரு சிறு மேட்டில் டயர் ஏறி இறங்கினால் அதுவும் போச்சு. அத்தகைய இடத்தில் நாங்கள் பாலத்தடிக்கே போவதில்லை. பக்கத்துச் சரிவில் ஏறி, குறுக்குச் சாலையைக் கடந்து, எதிர்ச்சரிவில் இறங்கிவிடுவோம். அதற்கும் அந்தத் திருப்பங்களில் 14 மீட்டர் உருளை வளையுமா என்று தரையில் சுண்ணாம்பால் கோடு போட்டுப் பார்த்திருக்க வேண்டும்.

ரயில்வே கேட் இன்னும் கண்டிப்பு. மேலே போவது 25,000 வோல்ட். அதனால் மின்மயமான பாதைகளில் கேட்டுக்கு இருபுறமும் 4.67 மீட்டர் உயரத்தில் இரும்பு வளைவு நிறுத்தியிருப்பார்கள். அதற்கு மேல் உயரமுள்ள எதுவும் போகக் கூடாது. ரயில்வேயிடம் விண்ணப்பித்து, அவர்கள் ரயிலை நிறுத்தி, மின்சாரத்தைத் துண்டித்து, தங்கள் ஆட்களை நிறுத்திய பிறகே கடக்க முடியும். வண்டி போகிற நேரத்தை முடிவு செய்வது அந்த அனுமதிதான். எங்கள் விருப்பத்துக்கு அங்கே இடமில்லை.

மரத்தைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. ஒரு கிராமத்தில் சாலையோரம் மஞ்சள் துணி கட்டிய வேப்பமரம். அதன் கிளை ஒன்று தொட்டியின் தோளில் முட்டும் என்று கம்பு சொல்லிவிட்டது. ஒரு கையளவு வெட்டிவிடலாம் என்றார் எங்களோடு வந்தவர். ஊர்ப் பெரியவர்கள் முகம் மாறியது. நான் வெட்ட வேண்டாம் என்றேன். வண்டி வந்த அன்று ஊர்ப் பையன்களே மரத்தில் ஏறி, கிளையில் தாம்புக்கயிறு கட்டி, பின்னால் இழுத்துப் பிடித்தார்கள். தொட்டி போனதும் மெல்லத் தளர்த்தி விட்டார்கள். ஓர் இலைகூட அவசியமில்லாமல் உதிரவில்லை. அரிவாளை எடுக்கும் முன் கயிற்றை எடு என்று புதிதாக வேலைக்கு வருகிற பிள்ளைகளிடம் இன்றும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

பாலங்களைக் கடப்பது வேறு விஷயம். அங்கே மட்டும் எடை பேசும். நம் தொட்டிக்கு அது பெரிதல்ல. நூறு, இருநூறு டன் சரக்கு என்றால் ஹைட்ராலிக் ஆக்சில் டிரெய்லர் வேண்டும். அதில் எல்லாச் சக்கரங்களும் சுமையைச் சமமாகப் பங்கிட்டுக்கொள்ளும். பாலத்தின் நட்டநடுவே, மணிக்கு ஐந்து கிலோமீட்டர் வேகத்தில், வேறு வண்டி எதுவும் இல்லாமல், பிரேக் போடாமல் கடக்க வேண்டும். வந்தவாசி பக்கம் கொரக்கோட்டையிலிருந்து பெங்களூருக்குப் போன கோதண்டராமர் சிலை உங்களுக்கு நினைவிருக்கும். 2018 டிசம்பரில் புறப்பட்டு 2019 ஜூனில்தான் போய்ச் சேர்ந்தது. முந்நூறு டன்னுக்கு மேல் எடை, 240 சக்கரங்கள். அவ்வளவு பெரிய பாரத்தைப் பாலங்களில் ஏற்ற முடியாமல் மார்க்கண்டேய நதியிலும் தென்பெண்ணையிலும் தற்காலிகமாக மண்பாதை போட்டார்கள்.

கடல் வழியே கொண்டுபோகலாமே என்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. கடலிலும் சுலபமில்லை. 2023 செப்டம்பரில், தூத்துக்குடியிலிருந்து கூடங்குளத்துக்கு இரண்டு நீராவி உற்பத்திக் கலன்களை ஏற்றிப்போன மிதவை, கரைக்குப் பக்கத்திலேயே பாறையில் சிக்கிக்கொண்டது.

வண்டி புறப்படுகிற நாளைப் பற்றிப் பேச நேரம் குறைவாகவே இருக்கிறது. கம்பிகளுக்கு மின்வாரியத்தில் எல்.சி., அதாவது மின்சாரத்தை நிறுத்திவைக்கும் அனுமதி, வாங்கியிருப்போம். லைன்மேன் மின்சாரத்தை நிறுத்திச் சைகை காட்டியதும், தொட்டியின் மேல் நிற்கும் இருவர் ஃபைபர் கவைகளால் கம்பியைத் தூக்கி, நடந்துகொண்டே பின்னால் கடத்தி விடுவார்கள். தலைச்சுமை இறக்கி நிற்கிற ஊர் மக்கள் அதை மூச்சுவிடாமல் பார்ப்பார்கள். கயத்தாறு, ஆரல்வாய்மொழிப் பக்கம் ஆடிக் காற்று அடித்தால் வண்டியை நிறுத்திவிடுவோம். காலித் தொட்டியின் பக்கவாட்டுப் பரப்பு 60 சதுர மீட்டருக்குச் சற்றுத்தான் குறைவு. காற்று முழுசாக அதன்மேல் விழும். வளைவுகளில், பின் அச்சுகளையும் திருப்பக்கூடிய டிரெய்லராக இருந்தால், ஒருவர் கையில் கட்டுப்பாட்டுப் பெட்டியோடு பின்னால் நடந்து வருவார். நெல்லையப்பர் தேரை ஆயிரம் பேர் வடம் பிடித்து இழுத்தாலும், அது எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்பது சக்கரத்தடியில் முட்டுக்கட்டை போடுகிறவர் கையில் இருப்பது போல, முன்னால் இழுக்கும் புல்லர் வண்டி எவ்வளவு பெரிதாக இருந்தாலும் வளைவில் வண்டி அந்த மனிதர் கையில்தான். ஆலை வாசலில் எல்லோரும் டிரைவருக்கு மாலை போடுவார்கள். போடட்டும், அவர் அதற்குத் தகுதியானவர். பின்னால் நடந்து வந்தவருக்கும் லைன்மேனுக்கும் ஆளுக்கு ஒரு மாலை வாங்கி வைப்பது என் வழக்கம்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். புதுச் சாலை போடும் முன் பழைய தாரைச் சுரண்டி எடுத்துவிட வேண்டும் என்று 2021 மே மாதத்தில், அப்போது தலைமைச் செயலாளராக இருந்த வெ. இறையன்பு உத்தரவிட்டார். சாலை உயர்ந்து வீடுகளுக்குள் தண்ணீர் புகக் கூடாது என்பதற்காக வந்த உத்தரவு அது. பாலத்தடிகளிலும் அதைத் தவறாமல் செய்தால் எங்களைப் போன்றவர்களுக்குப் பெரிய உதவி. சுரண்ட முடியாத இடத்தில், தார் போட்ட மறுநாளே ஓர் இளநிலைப் பொறியாளர் கம்பை நீட்டி அளந்து பலகையில் புது எண்ணை எழுதிவிடலாம். கால் மணி நேர வேலை. இதைக் கேட்டுக்கொண்டிருக்கும் நெடுஞ்சாலைத் துறை நண்பர்கள் இந்த மழைக்காலத்துக்கு முன்னாலேயே ஆரம்பிப்பார்கள் என்று நம்புகிறேன். சாலையில் எங்கள் வண்டியைப் பார்க்கிற மற்றவர்கள், சிவப்புக் கொடிக்காரர் கை அசைக்கும்வரை முந்தாமல் பொறுத்திருங்கள். தொட்டி மறைப்பதால் எதிரே வருவது உங்களுக்குத் தெரியாது, அவருக்குத் தெரியும்.