மறைந்த அஞ்சல்தலைச் சேகரிப்பாளர்களும் நம் பள்ளி மன்றங்களும்

(மூங்கில்துறைப்பட்டில் நடந்த பள்ளி அஞ்சல்தலை மன்றப் பொறுப்பாசிரியர்கள் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நம் வட்டாரத்தில் அஞ்சல்தலை சேகரித்து வந்த மூன்று பேருக்கு இன்று அஞ்சலி செலுத்தினோம். ஒருவர் கல்வராயன் மலை அடிவாரத்தில் கிளை அஞ்சலகத்தில் பணியாற்றியவர். இன்னொருவர் சர்க்கரை ஆலையில் கணக்கு எழுதியவர். மூன்றாமவர் நம்மைப் போல் ஓர் ஆசிரியர், கணிதம் கற்பித்தவர். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒருவர் வீட்டுத் திண்ணையில் கூடுவார்கள். அவர்களுக்குப் பதிவு எண்ணும் பெயர்ப்பலகையும் கிடையாது. ஆனாலும் அது ஒரு சங்கம்தான். நம் பள்ளி மன்றங்கள் பலவற்றுக்கு முதல் தலைகளைக் கொடுத்தவர்கள் அவர்களே.

படத்துக்கு மாலை போட்டோம், இரண்டு நிமிடம் மௌனமாக நின்றோம். அடுத்து என்ன செய்யப் போகிறோம் என்பதைப் பற்றித்தான் நான் பேச விரும்புகிறேன்.

சேகரிப்பாளர் ஒருவர் மறைந்தால் அவருடைய ஆல்பம் என்ன ஆகிறது? சில நேரம் மூத்த மகன் பத்திரமாக எடுத்து வைத்துக்கொள்கிறார். சில நேரம் யாராவது வந்து மொத்தமாக ஒரு விலை பேசி வாங்கிப் போகிறார்கள். பல நேரம் பரணில் ஏறுகிறது, கரையான் தின்கிறது, அடுத்த பொங்கலுக்கு வீடு வெள்ளையடிக்கும்போது பழைய பேப்பர்காரரிடம் போகிறது. நம் கணித ஆசிரியரின் தொகுப்பு அப்படித்தான் போய்விட்டது. உலகெங்கும் கணித மேதைகளுக்கு வெளியான தலைகளை அவர் சேர்த்திருந்தார். இராமானுஜனுக்கு 1962இல் வந்த தலையையும் 2011இல் வந்த தலையையும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டி, இரண்டு படங்களிலும் என்ன மாறியிருக்கிறது என்று கேட்டுப் பாடத்தைத் தொடங்குவார். அந்த ஆல்பத்தை அவருடைய வீட்டாரின் குற்றம் என்று நான் சொல்ல மாட்டேன். அதில் என்ன இருக்கிறது என்று அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை.

ஆலையில் பணியாற்றியவரின் துணைவியார் என்னிடம் சொன்னது இது: "சார், இந்தப் பெட்டியத் தொறந்தா அவரு ஞாபகம்தான் வருது. தூக்கிப் போடவும் மனசு வரல. வச்சிருந்து என்ன பண்றதுன்னும் தெரியல." இந்தத் தவிப்புக்குப் பதில் சொல்லக்கூடிய இடத்தில் நம் பள்ளிகள் இருக்கின்றன.

உலகத்திலும் இதே கதைதான். தாமஸ் டாப்ளிங் என்ற ஆங்கிலேயர் 1891இல் தம் 35ஆம் வயதில் இறந்தார். தம் சேகரிப்பைப் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்துக்கு எழுதிவைத்துவிட்டுப் போனார். அது இன்றும் பிரிக்கப்படாமல் இலண்டனில் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கிறது. பிலிப் ஃபெராரி அவரைவிடப் பெரிய சேகரிப்பாளர். பிரிட்டிஷ் கயானாவின் ஒரு சென்ட் தலை உட்பட உலகின் அரிய தலைகள் பலவும் அவரிடம் இருந்தன. தொகுப்பைப் பெர்லின் அஞ்சல் அருங்காட்சியகத்துக்குத் தருவதாக உயில் எழுதியிருந்தார். முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்த 1917இல் அவர் மறைந்தார். பாரிசில் இருந்த தொகுப்பைப் பகை நாட்டுச் சொத்து என்று பிரெஞ்சு அரசு எடுத்துக்கொண்டது. 1921 முதல் பல ஆண்டுகள் ஏலம் விட்டது. தலைகள் பல நாடுகளுக்கும் சிதறின. ஒருவர் ஆயுள் முழுக்கச் சேர்த்தது நிலைப்பதும் சிதறுவதும் அவருக்குப் பின் அதை ஏற்றுக்கொள்ளும் கை எது என்பதைப் பொறுத்திருக்கிறது.

நம் நாட்டிலும் இதற்கு நீண்ட மரபு உண்டு. 1897இல் கல்கத்தாவில் இந்திய அஞ்சல்தலைச் சங்கம் தொடங்கியது. அதன் உறுப்பினர்களில் அரசு அலுவலர்கள் பலர். வனத்துறை அதிகாரியாக இருந்த ஸ்மித்தீஸ், மார்ட்டின் என்பவரோடு சேர்ந்து 1854ஆம் ஆண்டின் நாலணாத் தலையைப் பற்றி மட்டும் ஒரு முழு நூல் எழுதினார். அவர்கள் கையில் இருந்த தலைகள் எத்தனையோ பேரிடம் கைமாறியிருக்கும். அந்த நூலை இன்றும் எடுத்துப் பார்க்கிறார்கள். நம் பக்கத்தில் தென்னிந்திய அஞ்சல்தலைச் சேகரிப்பாளர் சங்கம் 1956 முதல் சென்னையில் இயங்குகிறது. அமெரிக்க அஞ்சல்தலைச் சங்கம் பெரும்பணி செய்தவர்களுக்கென்று ஒரு புகழ்ப்பட்டியல் வைத்திருக்கிறது. மறைந்தவர்களின் பெயர்களை மட்டுமே அதில் சேர்க்கிறார்கள்.

அஞ்சல்தலையே ஒரு வகையில் நினைவுச் சின்னம்தானே! நம் நாட்டில் தனிமனிதர்களுக்கு வெளியாகும் தலைகளில் பெரும்பாலானவை மறைந்தவர்களுக்கானவை. உயிரோடு இருக்கும்போதே தலையில் இடம்பெற்றவர்கள் சிலர்தான். 1958இல் கார்வே, 1960இல் விஸ்வேஸ்வரய்யா, 1967இல் நம் ஆசிரியர் தின நாயகர் இராதாகிருஷ்ணன், 1980இல் அன்னை தெரசா என்று சொல்லலாம். மறைந்த தலைவர்களை மாணவர்களுக்கு நினைவூட்ட இந்தத் தலைகளைப் பயன்படுத்துகிறோம். அவற்றைச் சேர்த்துக் கொடுத்த அடுத்த தெருக்காரரின் பெயர் மட்டும் எங்கும் எழுதப்படுவதில்லை.

அதனால் நான் முன்வைக்கும் கருத்து ஒன்றுதான். சேகரிப்பாளரை நினைவில் வைப்பது என்றால் அவர் சேர்த்த பொருளோடு, அவர் தெரிந்து வைத்திருந்ததையும் காப்பாற்றுவது. அவர் பாதியில் விட்டதை மாணவர்கள் தொடர்வது.

இதற்கு ஆலை நண்பரின் ஆல்பத்தையே எடுத்துக்கொள்கிறேன். அதில் விலையுயர்ந்த தலை ஒன்றுகூட இல்லை. எல்லாம் மூங்கில்துறைப்பட்டுக்கு வந்த கடித உறைகள். முகவரிப் பக்கம்தான் அவருடைய பாடநூல். முதல் பக்கத்து உறையில் ஊர்ப் பெயருக்குக் கீழே தென்னாற்காடு மாவட்டம், மெட்ராஸ் மாநிலம் என்று இருக்கிறது. இரண்டாம் பக்கத்தில் தென்னாற்காடு, தமிழ்நாடு. மாநிலத்தின் பெயர் 1969 சனவரியில் மாறியதல்லவா? மூன்றாம் பக்க உறையில் ஆறு இலக்க அஞ்சல் குறியீட்டு எண் வந்துவிட்டது. அது 1972 ஆகஸ்ட் 15 அன்று நடைமுறைக்கு வந்தது. நான்காம் பக்கத்தில் விழுப்புரம் இராமசாமி படையாட்சியார் மாவட்டம் என்று நீளமாக எழுதிய உறை. தென்னாற்காடு 1993இல் பிரிந்தபோது வந்த பெயர் அது. 1997இல் மாவட்டப் பெயர்களிலிருந்து தலைவர்களின் பெயர்கள் நீக்கப்பட்டதால், அந்த முகவரி இருந்தால் உறையின் காலத்தை ஏறத்தாழ நான்கு ஆண்டுகளுக்குள் குறுக்கிவிடலாம்.

உடனே அவரே ஓர் எச்சரிக்கையும் எழுதி வைத்திருக்கிறார். மக்கள் பழைய பெயரையே பல ஆண்டுகள் எழுதிக்கொண்டிருப்பார்கள். முகவரியை மட்டும் நம்பாதே, முத்திரையில் இருக்கும் தேதியோடு ஒப்பிட்டுப் பார் என்பது அதன் சாரம். வரலாற்றுப் பாடத்தில் சான்றுகளை ஒப்பிடுவது பற்றி நாம் ஒரு பாடவேளை முழுக்கச் சொல்வதை அவர் இரண்டு வரியில் சொல்லிவிட்டார்.

ஐந்தாம் பக்கம் காலியாக இருந்தது. மேலே பென்சிலில் கள்ளக்குறிச்சி என்று மட்டும் எழுதியிருந்தார். 2019 நவம்பர் 26 அன்று புதிய மாவட்டம் தொடங்கியது. அந்த உறையை ஒட்டுவதற்கு முன் அவர் போய்விட்டார். அவருடைய குடும்பத்தின் சம்மதத்தோடு எட்டாம் வகுப்பு மாணவிகள் ஒரு வேலை செய்தார்கள். தங்கள் பள்ளி முகவரிக்குத் தாங்களே ஒரு கடிதம் எழுதி, கள்ளக்குறிச்சி மாவட்டம் என்று முகவரியிட்டுப் பெட்டியில் போட்டார்கள். முத்திரையோடு அது திரும்பி வந்ததும் ஐந்தாம் பக்கத்தில் பொருத்தினார்கள். கீழே அவருடைய பெயரையும், பக்கத்தை முடித்தவர்கள் என்று தங்கள் பெயர்களையும் எழுதினார்கள். அந்த அம்மா அதைப் பார்த்துவிட்டு வெகுநேரம் எதுவும் பேசவில்லை. பிறகு, "மத்த பெட்டியும் இருக்கு, வந்து பாருங்க கண்ணு" என்று பிள்ளைகளைக் கூப்பிட்டார்.

அஞ்சலக நண்பர் சேர்த்தவை பதிவுத் தபால் சீட்டுகள். உறையின் மூலையில் ஆங்கில ஆர் எழுத்தும், அலுவலகப் பெயரும், எண்ணும் அச்சிட்டு ஒட்டுவார்களே, அவைதான். எங்கே எடை போடுவார்கள், எந்தப் பதிவேட்டில் எண் ஏறும், ஒப்புகை அட்டை எப்படித் திரும்பும் என்று ஒரு நோட்டில் வரிசையாக எழுதியிருந்தார். அன்றைக்கு அது சாதாரண அலுவலக விவரம். 2025 செப்டம்பர் 1 முதல் பதிவுத் தபால் தனிச் சேவையாக இல்லாமல் விரைவு அஞ்சலோடு இணைக்கப்பட்டுவிட்டது. இன்று நம் மாணவர்களுக்கு அந்த நோட்டு ஒரு காலத்தின் சாட்சி.

ஆகவே ஒவ்வொரு மன்றத்திலும் மறைந்த ஒரு சேகரிப்பாளருக்கு ஒரு நினைவுப் பக்கம் தயாரிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். அதில் நான்கு செய்திகள் போதும். அவர் யார், என்ன வேலை பார்த்தார்? எதைச் சேர்த்தார், ஏன் அதைச் சேர்த்தார்? அவர் சொல்லித் தெரிந்துகொண்ட ஒரு விவரம் என்ன? அவர் முடிக்காமல் விட்டது எது? நான்காவது கேள்விதான் முக்கியம். அதற்கான பதிலில்தான் மாணவரின் வேலை தொடங்குகிறது. புகழ்மொழிகள் வேண்டாம். 'எல்லோரிடமும் அன்பாகப் பழகுவார்' என்று எழுதினால் அது யாருக்கும் பொருந்தும். 'கிழிந்த தலையைத் தூக்கிப் போட மாட்டார், முத்திரை தெளிவாக இருக்கிறதா என்றுதான் பார்ப்பார்' என்று எழுதினால் அது அவர் ஒருவருக்குத்தான் பொருந்தும்.

நடைமுறையில் சில எச்சரிக்கைகள். ஆல்பத்தைப் பள்ளிக்குக் கேட்டு யாரையும் நெருக்கக் கூடாது. விலை பற்றி நாம் வாக்குக் கொடுக்கவும் கூடாது. 1948 ஆகஸ்ட் 15 அன்று வெளியான நான்கு காந்தி தலைகளில் பத்து ரூபாய்த் தலைக்கு நல்ல விலை உண்டு. அதற்குப் போலிகளும் உண்டு. பெரும்பாலான ஆல்பங்களில் இருப்பவை சாதாரணத் தலைகளே. ஐயம் இருந்தால் குடும்பத்தாரை அனுபவமுள்ள சேகரிப்பாளர் ஒருவரிடம் காட்டிக் கேட்கச் சொல்லுங்கள். அவர்கள் மனமுவந்து கொடுத்தால் பக்கம் பக்கமாகப் பட்டியல் எழுதி, இருப்புப் பதிவேட்டில் ஏற்றி, நகலில் கையொப்பமிட்டு அவர்களிடம் கொடுங்கள். கொடுக்க விருப்பமில்லை என்றால் பக்கங்களைப் படம் எடுக்க மட்டும் அனுமதி கேளுங்கள்.

உறையில் இருக்கும் தலையைத் தண்ணீரில் ஊறவைத்துப் பிரிக்காதீர்கள். உறை, முத்திரை, தலை மூன்றும் சேர்ந்திருந்தால்தான் அது சான்று. செல்லோ டேப், பசை, லேமினேஷன் மூன்றும் கூடாது. மழைக்காலத்தில் ஈரச்சுவர் ஓரம் வைக்காமல் மர அலமாரியின் மேல்தட்டில் நிற்கவைத்து அடுக்குங்கள். அவர் கையால் எழுதிய குறிப்பில் பிழை இருந்தாலும் அழிக்காதீர்கள். தனித் தாளில் திருத்தம் எழுதிப் பக்கத்தில் வையுங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2017இல் அஞ்சல் துறை தீன் தயாள் ஸ்பர்ஷ் என்ற உதவித்தொகைத் திட்டத்தைத் தொடங்கியது. 6 முதல் 9ஆம் வகுப்பு வரை படிக்கும் மாணவர்களில் வினாடி வினாவிலும் செயல்திட்டத்திலும் தேர்ச்சி பெறுவோருக்கு ஆண்டுக்கு 6000 ரூபாய் கிடைக்கிறது. பள்ளி மன்றத்தில் உறுப்பினராக இருக்க வேண்டும், அல்லது தம் பெயரில் அஞ்சல்தலை வைப்புக் கணக்கு வைத்திருக்க வேண்டும். மன்றத்துக்கு அனுபவமுள்ள சேகரிப்பாளர் ஒருவர் வழிகாட்டியாக இருப்பதும் அத்திட்டத்தில் உண்டு. அப்படி வழிகாட்டக்கூடியவர்கள் நம் வட்டாரத்தில் பெரும்பாலும் ஓய்வு பெற்றவர்கள். அவர்களை நாம் இப்போதே தேடிப் போக வேண்டும்.

அடுத்த மாதத்துக்குள் உங்கள் ஊரில் தலை சேர்க்கும் பெரியவர் ஒருவர் வீட்டுக்கு இரண்டு மாணவர்களை அழைத்துப் போங்கள். ஒரு ஆல்பத்தைத் திறந்து, "தாத்தா, இதை ஏன் சேர்த்தீங்க?" என்று பிள்ளைகளைக் கேட்கச் சொல்லுங்கள். அவர் சொல்வதை அவர் சொன்னபடியே எழுதிக்கொள்ளட்டும். எழுதியதை அவரிடமே படித்துக் காட்டட்டும். நம் கணித ஆசிரியருக்கு அந்த வாய்ப்புக் கிடைக்கவில்லை. இராமானுஜன் தலைகள் இரண்டையும் வைத்து அவர் கேட்ட கேள்வியை எனக்குச் சொன்னவர் அவரிடம் படித்த மாணவர் ஒருவர். அந்த வகுப்பில் படித்தவர்கள் இந்த அவையில் இன்னும் சிலர் இருப்பீர்கள். அவருடைய நினைவுப் பக்கத்துக்கு உங்களுக்குத் தெரிந்ததை இன்றே எழுதிக் கொடுத்துவிட்டுப் போகும்படி கேட்டு, என் உரையை நிறைவு செய்கிறேன்.