நல்வழக்கத்தை விற்பது எப்படி?

(கிராமக் கூட்டுறவுச் சங்க அங்கத்தினர் கூட்டத்தில் கூட்டுறவு இலாகா இன்ஸ்பெக்டர் ஒருவர் நிகழ்த்திய பிரசங்கம்)



வாரச் சந்தைக்கு நீங்கள் எல்லோரும் போகிறீர்கள். அங்கே கருவாடு விற்கும் கிழவியைக் கவனித்திருப்பீர்கள். கருவாட்டின் மேன்மையைப் பற்றி அவள் ஒரு மணி நேரம் பிரசங்கம் செய்வதில்லை. வருகிறவளின் மடியில் எவ்வளவு காசு உண்டு என்பதை அறிந்து, அதற்கேற்பக் கூறு கட்டி வைக்கிறாள். ஜனங்கள் நடக்கிற வழியில் உட்காருகிறாள். மாலைக்குள் கூடை காலியாகிறது.

நல்ல காரியங்களைச் சொல்ல வரும் நாங்களோ நேர்மாறாக நடந்து கொள்கிறோம். கூட்டம் கூட்டுகிறோம், பேசுகிறோம், சுவரில் ஒரு விளம்பரத்தை ஒட்டுகிறோம். பிறகு, "ஜனங்கள் திருந்தவில்லை" என்று குறைகூறிக்கொண்டே பஸ் ஏறுகிறோம். நானும் அவ்வாறு பஸ் ஏறியவன்தான். குற்றம் ஜனங்களுடையதன்று, சரக்கை விற்கத் தெரியாதவருடையது என்பதை இப்போது உணருகிறேன்.

வியாபாரி கவனிப்பவை நான்கு: சரக்கு, விலை, இடம், விளம்பரம். இந்த முறையைச் சமூக நன்மைக்குப் பயன்படுத்தலாம் என்று பிலிப் காட்லர், ஜெரால்டு சால்ட்மன் என்னும் அமெரிக்கப் பேராசிரியர் இருவர் 1971ஆம் ஆண்டில் ஒரு கட்டுரையில் விளக்கினர். அதற்கு முன்னரே, 1968இல், நமது இந்திய சர்க்கார் குடும்பக் கட்டுப்பாட்டிற்கான நிரோத் உறையைத் தேயிலையும் சோப்பும் விற்கும் பெரிய கம்பெனிகளின் மூலமாகச் சிறு கடைகளுக்கு அனுப்பிக் குறைந்த விலையில் விற்கத் தொடங்கியது. ஆஸ்பத்திரிக்குச் செல்லக் கூசியவனும் பெட்டிக்கடைக்குச் சென்று வாங்க முடிந்தது.

இம்முறையின் பலத்தையும், அதில் நேரும் பிழையையும் ஒருங்கே காட்டும் உதாரணம் வங்காள தேசத்தில் இருக்கிறது. குழந்தைகளின் வயிற்றுப்போக்கைப் பற்றியது அது. பேதி கண்ட குழந்தை பெரும்பாலும் இறப்பது உடலிலுள்ள நீரும் உப்பும் வெளியேறிவிடுவதனால். உப்புடன் சர்க்கரை சேர்ந்தால் குடல் இரண்டையும் ஏற்று, நீரையும் உள்ளிழுத்துக் கொள்கிறது. இந்த உண்மையே உப்பு சர்க்கரைக் கரைசலுக்கு ஆதாரம். 1971இல் மேற்கு வங்காளத்துப் பங்காவ் அகதி முகாமில் வாந்திபேதி பரவி, ஊசிவழி ஏற்றும் மருந்து நீர் தீர்ந்துபோன வேளையில், டாக்டர் திலீப் மஹலானபிஸ் இக்கரைசலை வாய்வழியே கொடுக்கச் செய்தார். நூற்றுக்கு முப்பதாக இருந்த மரணம் நாலுக்கும் குறைந்தது.

மருந்து கிடைத்துவிட்டது, ஆனால் அதைக் கிராமத்துத் தாயிடம் சேர்ப்பது யார்? "பேதியாகிற பிள்ளைக்குத் தண்ணீர் கொடுத்தால் பேதி அதிகமாகும்" என்ற எண்ணம் அங்கும் உண்டு, இங்கும் உண்டு. இவ்விடத்தில் விலை என்பது காசு மட்டுமன்று. மாமியாரின் ஏச்சும் விலை. "பிள்ளைக்கு ஏதாவது நேர்ந்தால்" என்ற அச்சமும் விலை. வேலையை விட்டுவிட்டு மணிக்கணக்காகக் கரண்டியால் புகட்டுவதும் விலை.

பிராக் என்னும் ஸ்தாபனம் 1980 முதல் 1990 வரை இவ்வேலையை மேற்கொண்டது. சரக்கை முதலில் எளிதாக்கினர். மூன்று விரலால் எடுத்த சிட்டிகை உப்பு, ஒரு பிடி வெல்லம், அரை சேர் தண்ணீர். எல்லாம் அடுப்பங்கரையிலேயே உள்ளவை. இடம், தாயின் வீட்டு வாசல். பெண் ஊழியர்கள் வீடு வீடாகச் சென்று, தாங்கள் கலந்து காட்டியதோடு நில்லாமல், தாயின் கையாலேயே கலக்கச் செய்தனர். சில நாள் கழித்து வேறொருவர் வந்து, சில வீடுகளைப் பொறுக்கியெடுத்து, அத்தாய்மார்களுக்கு எவ்வளவு நினைவிருக்கிறது என்று பரீட்சிப்பார். அதற்கேற்பவே ஊழியருக்குக் கூலி. எத்தனை வீடு சென்றாய் என்று கேளாமல், எத்தனை பேர் கற்றார் என்று கேட்டனர். நமது சங்கத்திலும் கூட்டத்தின் எண்ணிக்கையை எழுதுகிறோம். கூட்டத்தின் பயனை எழுதுகிறோமா?

இவ்வளவு செய்தும், தாய்மார்கள் கற்றனரேயன்றி, பேதி வந்தபோது உபயோகித்தவர் முதலில் வெகு சிலரே. நிர்வாகிகள் ஜனங்களைக் கோபிக்கவில்லை, காரணத்தை விசாரித்தனர். இரண்டு காரணங்கள் வெளிப்பட்டன. ஊழியரிலேயே பலர் தம் வீட்டில் அக்கரைசலை உபயோகிக்கவில்லை. தாம் நம்பாததைப் பிறரிடம் விற்க முயன்றிருந்தனர். மற்றொன்று, வீட்டு ஆண்களிடம் எவரும் பேசவில்லை. உடனே ஊழியர்களுக்குக் கரைசல் வேலை செய்யும் விதத்தை விளக்கினர். சொல்லிக் கொடுக்கும்போதே அதைத் தாமும் பருகச் செய்தனர். கடைவீதிகளிலும் மசூதிகளிலும் ஆண்களைக் கூட்டிப் பேசினர். அதன் பின்னரே உபயோகம் உயர்ந்தது. பத்தாண்டுகளில் ஏறக்குறைய 1 கோடியே 20 லட்சம் வீடுகளுக்கு இப்பாடம் சென்றது.

அங்கத்தினர்களே, இதை நமது ஊருக்குப் பொருத்திப் பார்ப்போம். தமிழ்நாட்டு நியாயவிலைக் கடைகளிற் பெரும்பாலானவற்றைக் கூட்டுறவுச் சங்கங்களே நடத்துகின்றன. எந்த வியாபாரிக்கும் கிடைக்காத இடம் நமக்கு இருக்கிறது: மாதந்தோறும் எல்லாக் குடும்பமும் வந்து நிற்கும் வாசல். ஆரம்ப சுகாதார நிலையத்தாருடன் கலந்து பேசி, கரைசல் பொட்டலத்தை அங்கே கிடைக்கச் செய்யலாம். காய்ச்சி ஆறவைத்த நீரில், உறையில் அச்சிட்ட அளவுப்படியே கலக்க வேண்டும். உப்பு மிகுந்தால் தீங்கு. அந்த அளவுக்குச் சரியான பாத்திரம் எது என்று அவரவர் வீட்டில் குறியிட்டு வைப்பது நலம். மலத்தில் ரத்தம் கண்டாலோ, குழந்தை குடிக்க முடியாமற் சோர்ந்தாலோ, தாமதமின்றி ஆஸ்பத்திரிக்குச் செல்ல வேண்டும்.

ஒருவர் கேட்கலாம்: "விற்பனைத் தந்திரம் என்றால் ஏமாற்றுதானே?" அன்று. வியாபாரியின் லாபம் அவன் பெட்டிக்குப் போகிறது. இந்த லாபம் வாங்குகிறவர் வீட்டிலேயே தங்குகிறது. ஆயினும் ஒரு நிபந்தனை உண்டு. பொய் ஒன்றும் கலக்கலாகாது. கரைசல் பேதியை உடனே நிறுத்தும் என்று சொன்னால், நிற்காததைக் கண்ட தாய் மறுமுறை நம்பமாட்டாள். பேதி சில நாள் இருக்கலாம். பிள்ளை வாடாமல் இருக்கும் என்று உள்ளதையே சொல்ல வேண்டும். கடனில் நாணயம் எவ்வளவு அவசியமோ, சொல்லிலும் அவ்வளவு அவசியம்.

ஆகவே முதல் வேலை நம் வீட்டில் ஆரம்பமாகட்டும். இங்குள்ள ஆடவர் ஒவ்வொருவரும் இன்றிரவு வீட்டிற்குச் சென்று, பிள்ளைக்குப் பேதி கண்டால் என்ன கொடுப்பீர்கள் என்று கேளுங்கள். பதிலைக் கேட்டுவிட்டுத் திருத்தாதீர்கள். அப்படிச் செய்வதற்குக் காரணம் என்ன என்று கேளுங்கள். அடுத்த கூட்டத்திற்கு அந்தக் காரணங்களைக் கொண்டு வாருங்கள். வாங்குகிறவர் மனத்தை அறிந்த பிறகே கூறு கட்டலாம். அடுத்த முறை நான் குறைவாகப் பேசி, அதிகமாகக் கேட்டுக் கொள்வேன்.