விலகி நிற்கும் அன்பு



பறவைகளைக் காண்பதற்கென்றே குடும்பத்தோடு நெடுந்தொலைவு செல்லும் வழக்கம் இன்று பல நாடுகளில் காணப்படுகிறது. அத்தகையோர் விரும்பி நாடும் இடங்களுள் ஒன்று, நார்வே நாட்டின் வடகிழக்கு மூலையில் உள்ள வராங்கர் தீபகற்பம். அதன் கிழக்குக் கோடியில், ஒரு தீவின்மேல் அமைந்திருப்பது வார்டோ என்னும் சிற்றூர். வடக்கே வெகுதொலைவில் உள்ள அவ்வூர், இஸ்தான்புல் நகரைக் காட்டிலும் கிழக்கே இருக்கிறது என்பது கேட்போரை வியக்க வைக்கும். 1982ஆம் ஆண்டு முதல் கடலுக்கு அடியில் குடையப்பெற்ற சுரங்கச் சாலை அதனைப் பெருநிலத்தோடு இணைக்கிறது. மே மாத நடுவிலிருந்து சூலைப் பிற்பகுதி வரை அங்கே கதிரவன் மறைவதில்லை. ஆயினும் வெயிலின் வெம்மை இல்லை; நடுக்கோடையிலும் குளிர்காற்று உடலைத் துளைக்கும்.

வார்டோவிலிருந்து படகில் ஏறக்குறையப் பத்து நிமிடம் சென்றால் ஹோர்னோயா என்னும் பாறைத்தீவை அடையலாம். சூன் மாதத்தில் ஒருநாள் அத்தீவில் இறங்கும் ஒரு குடும்பத்தை மனக்கண்ணில் நிறுத்துவோம். தந்தை, தாய், பத்து வயது மகள், ஆறு வயது மகன். தடித்த கம்பளி உடை; கழுத்தில் தொலைநோக்கி; மகளின் கையில் ஒரு குறிப்பேடு.

கரை சேருமுன்பே பேரிரைச்சல் எழுகிறது. செங்குத்தான பாறை முழுதும் பறவைகள். மண்ணும் புல்லும் குழைத்துக் கூடு கட்டிய கிட்டிவேக் என்னும் கடற்காகங்கள் தம் பெயரைத் தாமே கூவுகின்றன. கறுப்பு முதுகும் வெண்மார்பும் கொண்ட கில்லிமாட்டுகள் தோளோடு தோள் உரசி நிற்கின்றன. அவை கூடு கட்டுவதில்லை. வெறும் பாறை விளிம்பில் ஒரே ஒரு முட்டை இடுகின்றன. பேரிக்காய் போன்ற வடிவுடைய அம்முட்டைகள் நிறத்தாலும் புள்ளிகளாலும் ஒன்றைப்போல் ஒன்று இருப்பதில்லை. தாயும் தந்தையும் மாறி மாறி ஒரு திங்கள் அளவு அடைகாக்கின்றன.

"இத்தனை கூட்டத்தில் குஞ்சு தன் தாய்தந்தையரை எப்படி அறியும்?" என்று மகள் வினவுகிறாள். குரலால் அறியும் என்று தாய் விடை கூறுகிறாள். முட்டைக்குள் இருக்கும்போதே குஞ்சு பெற்றோரின் குரலைக் கேட்டுப் பழகிவிடுகிறது. பிறந்து மூன்று வாரம் ஆனதும், நன்கு பறக்கவும் அறியாத பருவத்தில், அது பாறையிலிருந்து கடலை நோக்கிக் குதிக்கிறது. கீழே நீரில் தந்தைப் பறவை அழைத்துக்கொண்டே காத்திருக்கிறது. அதன்பின் பல வாரங்கள் தந்தையே குஞ்சைக் கடலில் வளர்க்கிறது. இதைக் கேட்ட சிறுமி குறிப்பேட்டில் எழுதுவதை நிறுத்திவிட்டுத் தன் தந்தையின் முகத்தைப் பார்க்கிறாள்.

சிறுவனின் கண் வேறோர் இடத்தில். வண்ண அலகுடைய பஃபின் ஒன்று பாதைக்கு அப்பால் புல்மேட்டில் நிற்கிறது. நான்கு அடி வைத்தால் தொட்டுவிடலாம் போலிருக்கிறது. அவன் காலெடுத்து வைக்கத் தந்தை கையைப் பற்றுகிறார். அந்தப் புல்லுக்கு அடியில் பஃபின்களின் வளைகள் உள்ளன. ஒவ்வொரு வளைக்குள்ளும் ஒற்றை முட்டை. மனிதக் கால் பட்டால் வளை இடிந்துபோகக்கூடும். பறவைகள் அஞ்சி எழுந்தாலோ, பாறை விளிம்பில் உள்ள முட்டைகளைப் பெரிய கடற்காகங்கள் கவர்ந்து சென்றுவிடும். ஓர் ஆண்டுக்கு ஒரு முட்டையே இடும் உயிர்களுக்கு அது சிறிய இழப்பன்று. இதனாலேயே காண வருவோர் குறித்த பாதையை விட்டு விலகக் கூடாது என்பது அங்குள்ள விதி.

விதியைச் சொன்னால் சிறுவன் அழுவான். காரணத்தைச் சொன்னதால் அமர்ந்தான். சற்று நேரத்தில் வானில் வெண்வால் கடற்கழுகு ஒன்று தோன்றுகிறது. பாறையிலிருந்து ஆயிரக்கணக்கான கில்லிமாட்டுகள் ஒருசேரக் கடலை நோக்கிப் பாய்கின்றன. அச்சம் என்ன செய்யும் என்பதை அவன் கண்ணால் கண்டுவிட்டான். கழுகு அகன்று, பறவைகள் திரும்பி, அமைதி மீண்டபின், அசையாது அமர்ந்திருந்த சிறுவனை நோக்கி அந்தப் பஃபின் தானே நடந்து வருகிறது. கைக்கெட்டும் தொலைவில் நின்று தலையைச் சாய்த்துப் பார்க்கிறது. அவன் கை மடியிலேயே இருக்கிறது.

அவையோரே, இந்தப் பறவைகளின் வாழ்வு நமக்குத் தோன்றுவதுபோல் உறுதியானதன்று. 1980களின் பிற்பகுதியில் பேரன்ட்ஸ் கடலில் கேப்பலின் என்னும் சிறுமீன் வளம் குன்றியபோது கில்லிமாட்டுகள் பெருந்தொகையாக மடிந்தன. 2023ஆம் ஆண்டுக் கோடையில், அதே தீபகற்பத்தின் வாட்சோ நகரில் பறவைக் காய்ச்சலால் ஆயிரக்கணக்கான கிட்டிவேக் பறவைகள் உயிரிழந்தன. கடலின் மீன் குறைவதையோ நோய் பரவுவதையோ சுற்றுலா செல்லும் ஒரு குடும்பம் தடுத்துவிட இயலாது. தன் காலடியால் இன்னொரு துன்பத்தைக் கூட்டாதிருக்க இயலும். அது அவர்கள் கையிலேயே இருக்கிறது.

பிள்ளைகளுக்கு இயற்கையைக் காட்ட விழையும் பெற்றோர் முதலில் பறவைகளின் பெயர்களைக் கற்பிக்கின்றனர். பெயர் பின்னர் வரலாம். அசையாதிருக்கவும், குரலைத் தாழ்த்தவும், ஆசைப்பட்டதைத் தொடாதிருக்கவும் கற்பிப்பதே முதற்பாடம். அன்பு என்றால் நெருங்குவது என்று குழந்தை இயல்பாகவே அறிந்திருக்கிறது. சில உயிர்களிடம் அன்பு செலுத்துவது விலகி நிற்பதால்தான் கூடும் என்பதைப் பெரியவர்கள்தாம் உணர்த்த வேண்டும். தாம் விலகி நின்று காட்டினால்தான் அது பிள்ளைகள் மனத்தில் பதியும்.

படகு திரும்பும்போது மகளின் குறிப்பேட்டில் பறவைகளின் பட்டியல் நீண்டிருக்கும். சிறுவனிடம் பட்டியல் இல்லை. ஒரு பறவை தன்னை நம்பி அருகில் வந்து நின்றது என்னும் நினைவு அவனுக்குப் போதும்.