ஓட்டைப் பிரித்தவர்கள்



இன்று பட்டம் வாங்குகிறவர்களில் பலர் இதுவரை ஒரு தடவையோ இரண்டு தடவையோதான் ஓட்டுப் போட்டிருப்பார்கள். அதற்குள்ளேயே வீட்டுப் பெரியவர் யாராவது, "ஜெயிக்கிறவனுக்குப் போடு, ஓட்டை வீணாக்காதே" என்று சொல்லக் கேட்டிருப்பார்கள். பிடித்த வேட்பாளர் மூன்றாவதாகத்தான் வருவார் என்று தெரிந்தும் அவருக்கே போடுவதா, ஜெயிக்கக்கூடிய இருவரில் கெடுதல் குறைந்தவர் யார் என்று பார்த்துப் போடுவதா? டீக்கடை வாய்ச்சண்டை போலத் தோன்றும் இந்த விஷயத்துக்காக ஆபிரகாம் லிங்கன் ஒரு கடிதமே எழுதியிருக்கிறார்.

1845 அக்டோபர் 3. லிங்கனுக்கு வயது 36. இல்லினாய் மாநிலம் ஸ்பிரிங்ஃபீல்டில் வக்கீல். அமெரிக்க நாடாளுமன்றத்துக்கு இன்னும் போயிருக்கவில்லை. வில்லியம்சன் டர்லி என்பவருக்கு எழுதிய அந்தக் கடிதம் முழுக்க ஆற்றாமை. நியூயார்க்கில் அடிமை முறையை எதிர்ப்பவர்கள் முந்தைய ஆண்டு ஹென்றி க்ளேக்கு ஓட்டுப் போட்டிருந்தால் அவர் ஜனாதிபதியாகி இருப்பார், டெக்சாஸ் நாட்டோடு சேரும் நிலையும் வந்திருக்காது, ஓட்டு பிரிந்ததால் இரண்டு தரப்புக்கும் எல்லாமே போயிற்று என்பது அவர் வாதம்.

1844 தேர்தலில் ஜனநாயகக் கட்சியின் ஜேம்ஸ் போல்க் அடிமைகளை வைத்திருந்தவர். டெக்சாஸை உடனே சேர்க்க வேண்டும் என்றவர். டெக்சாஸ் சேர்ந்தால் அது அடிமை மாநிலமாகத்தான் சேரும் என்பது எல்லோருக்கும் தெரியும். விக் கட்சியின் ஹென்றி க்ளேயும் அடிமைகளை வைத்திருந்தவர்தான். ஆனால் டெக்சாஸ் விஷயத்தில் அவசரம் வேண்டாம் என்றார், அதையும் ஒரே மாதிரிச் சொல்லாமல் கடிதத்துக்குக் கடிதம் மாற்றி மாற்றிச் சொன்னார். எரிகிற கொள்ளியில் எந்தக் கொள்ளி நல்ல கொள்ளி என்று நம் ஊரில் கேட்பார்களே, அந்த நிலைமை. மூன்றாவதாக நின்றவர் லிபர்ட்டி கட்சியின் ஜேம்ஸ் பர்னி. கென்டக்கிக்காரர். அவரும் ஒரு காலத்தில் அடிமைகளை வைத்திருந்தவரே. மனம் மாறி விடுதலை செய்துவிட்டு ஒழிப்பு இயக்கத்துக்கு வந்தவர்.

அப்போது அரசு அச்சடித்த வாக்குச் சீட்டு கிடையாது. கட்சிக்காரர்கள் தங்கள் வேட்பாளர் பெயர்களைத் தாங்களே அச்சடித்துச் சாவடி வாசலில் நீட்டுவார்கள். வாக்காளர் வாங்கிப் பெட்டியில் போடுவார். யார் யாரிடம் சீட்டு வாங்குகிறார் என்பதை ஊரே பார்க்கும். அப்படி ஊர் பார்க்க பர்னியின் சீட்டை வாங்கியவர்கள் நியூயார்க்கில் 15,812 பேர். அதே மாநிலத்தில் போல்க் க்ளேயை வென்ற வித்தியாசம் 5,106. பர்னிக்குப் போட்டவர்களில் மூன்றில் ஒருவர் க்ளேயின் பக்கம் வந்திருந்தால் ஜனாதிபதியைத் தேர்ந்தெடுக்கும் நியூயார்க்கின் 36 தேர்வாளர்களும் அவருக்கே. அந்த 36 இல்லாமல் போல்க் ஜனாதிபதியாகி இருக்க முடியாது.

டெக்சாஸ் 1845 டிசம்பரில் அடிமை மாநிலமாகச் சேர்ந்தது. அடுத்த ஆண்டு மெக்சிகோவோடு போர். இதற்கெல்லாம் விலை கொடுத்தவர்கள் பர்னியின் வாக்காளர்கள் இல்லை. விலை கொடுத்த அடிமைகளுக்கோ ஓட்டே இல்லை. நியூயார்க்கில்கூட ஒரு கறுப்பின ஆண் ஓட்டுப் போட வேண்டுமானால் 250 டாலர் சொத்து காட்ட வேண்டும். வெள்ளையருக்கு அந்த நிபந்தனை கிடையாது. கெட்டதுக்குத் துணை போக மாட்டோம், என்ன நன்மை வரும் என்றாலும் சரி என்று லிபர்ட்டி கட்சிக்காரர்கள் சொன்னபோது லிங்கன் எரிச்சலடைந்ததில் நியாயம் இருந்தது. மரத்தை அதன் கனியைக் கொண்டு பார்க்க வேண்டாமா என்று கேட்டார். க்ளேயைத் தேர்ந்தெடுப்பதால் அடிமை முறை பரவாமல் நின்றிருந்தால் அந்தச் செயல் எப்படிப் பாவமாகும் என்பது அவர் கேள்வி.

இத்தோடு கதையை நிறுத்துகிறவர்கள் "பார்த்தீர்களா, மூன்றாவது ஆளுக்குப் போட்டால் இதுதான் கதி" என்பார்கள். ஆனால் லிபர்ட்டி கட்சிக்காரர்கள் தோற்ற மறுநாள் வீட்டுக்குப் போய்விடவில்லை. 1848இல் மற்ற அதிருப்தியாளர்களோடு சேர்ந்து ஃப்ரீ சாயில் என்று புதுக் கட்சி கட்டினார்கள். அந்த ஆண்டு ஜனாதிபதித் தேர்தலில் பத்தில் ஒரு பங்கு ஓட்டு கிடைத்தது; தேர்வாளர் ஒருவர்கூடக் கிடைக்கவில்லை. கிடைத்தது வேறொரு இடத்தில். ஒஹையோ மாநிலச் சட்டசபையில் இரண்டு பெரிய கட்சிகளுக்கும் பெரும்பான்மை இல்லாமல் போக, விரல்விட்டு எண்ணக்கூடிய ஃப்ரீ சாயில்காரர்கள் கையில் துருப்புச் சீட்டு வந்து சேர்ந்தது. 1849இல் அவர்கள் பேரம் பேசினார்கள். அசல் அரசியல் பேரம், அதில் புனிதம் ஒன்றும் இல்லை. ஆதரவு வேண்டுமா? எங்கள் ஆள் சாமன் சேஸை செனட்டுக்கு அனுப்புங்கள். கறுப்பினத்தவருக்கு எதிரான மாநிலச் சட்டங்களை நீக்குங்கள்.

அந்தச் சட்டங்கள் எப்படிப்பட்டவை? ஒஹையோவில் குடியேற வரும் கறுப்பினத்தவர் 500 டாலருக்கு ஜாமீன் காட்ட வேண்டும். வெள்ளையருக்கு எதிராக நீதிமன்றத்தில் சாட்சி சொல்லக் கூடாது. கண்ணெதிரே அடித்தாலும், கொள்ளையடித்தாலும், பார்த்தவர் கறுப்பராக இருந்தால் சாட்சி இல்லை. பேரத்தில் அந்தச் சட்டங்களில் பெரும்பகுதி போயிற்று. சேஸ் செனட்டர் ஆனார்.

1854இல் விக் கட்சி சிதறியது. ஃப்ரீ சாயில்காரர்களும், கட்சியில்லாமல் நின்ற விக்குகளும், ஜனநாயகக் கட்சியிலிருந்து வெளியேறியவர்களும் சேர்ந்து குடியரசுக் கட்சியை உருவாக்கினார்கள். 1860இல் அந்தக் கட்சி நிறுத்திய வேட்பாளர், பதினைந்து வருஷம் முன்னால் மூன்றாவது கட்சிக்காரர்களை நொந்துகொண்டு கடிதம் எழுதிய அதே ஸ்பிரிங்ஃபீல்டு வக்கீல். நான்கு முனைப் போட்டியில் 39.8 சதவீத ஓட்டோடு ஜனாதிபதியானார். நிதி அமைச்சர் பொறுப்பை சேஸிடம் கொடுத்தார். பர்னி இதைப் பார்க்கவில்லை, 1857இலேயே இறந்துவிட்டார்.

ஆக 1844இல் யார் சொன்னது சரி? அந்த ஆண்டுக் கணக்கில் லிங்கன். பதினாறு ஆண்டுக் கணக்கில் பர்னிக்கும் பங்கு உண்டு. ஆனால் அந்தப் பங்கைச் சம்பாதித்துக் கொடுத்தது 1844இன் ஓட்டு மட்டுமில்லை, 1849இல் ஒஹையோவில் உட்கார்ந்து பேரம் பேசிய ஆட்களும்தான். மூன்றாவது கட்சிக்கு ஓட்டுக் கேட்டு வருகிறவர்களிடம் இதைத்தான் கேட்க வேண்டும். தேர்தல் முடிந்த மறுநாள் காலையில் எங்கே இருப்பீர்கள்?

புளோரிடாவுக்கு வருவோம். 2000 நவம்பர். பிரவார்டு கவுண்டியின் தேர்தல் குழுவில் இருந்த நீதிபதி ராபர்ட் ரோசன்பர்க், துளையிட்ட வாக்கு அட்டையைப் பூதக்கண்ணாடி வழியாக மாறுகண் போட்டுப் பார்க்கும் படம் உலகப் பத்திரிகைகளில் வந்தது. ஊசியால் குத்தும்போது விழ வேண்டிய கடுகளவுக் காகிதத் துணுக்கு சில அட்டைகளில் பாதி ஒட்டிக்கொண்டு தொங்கியது. சிலவற்றில் வெறும் பள்ளம். குத்தினாரா, குத்த வந்து மனம் மாறினாரா? அந்தத் துணுக்கில் அமெரிக்க ஜனாதிபதி பதவி தொங்கிக்கொண்டிருந்தது. உச்ச நீதிமன்றம் டிசம்பர் 12 அன்று மறு எண்ணிக்கைக்கு முற்றுப்புள்ளி வைத்தபோது ஜார்ஜ் புஷ் 537 ஓட்டு முன்னணியில் இருந்தார். எதிர்த்து நின்ற ஜனநாயகக் கட்சியின் அல் கோருக்கு நாடு முழுக்க ஐந்து லட்சத்துக்கும் மேல் அதிக ஓட்டு, பயன் இல்லை.

புளோரிடாவில் பசுமைக் கட்சியின் ரால்ஃப் நேடர் வாங்கியது 97,488. கார்களில் பாதுகாப்பு வேண்டும் என்று 1960களில் கம்பெனிகளை எதிர்த்து நின்று சட்டமே கொண்டுவர வைத்தவர் அவர். 2000 தேர்தலிலிருந்து பல ஜனநாயகக் கட்சிக்காரர்களுக்கு அவர் பெயரைக் கேட்டாலே ஆகாது. ஆனால் கணக்கைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். அதே பட்டியலில் சோஷலிஸ்ட் தொழிலாளர் கட்சி வேட்பாளர் வாங்கியது 562. அதுவும் 537க்கு மேல்தான்! வித்தியாசம் இவ்வளவு சிறியதாக இருந்தால் அன்று புளோரிடாவில் பெய்த மழையும் குற்றவாளிதான். பாம் பீச்சில் வண்ணத்துப்பூச்சி இறக்கை போல இரண்டு பக்கமும் பெயர் அச்சடித்த குழப்பமான சீட்டில் கோருக்கென்று நினைத்து இன்னொரு வேட்பாளரான பேட் புக்கனனுக்குக் குத்தியவர்கள் தனி.

நேடரின் இலக்கு நாடு முழுக்க 5 சதவீதம். அதைத் தொட்டிருந்தால் அடுத்த தேர்தலுக்குக் கட்சிக்கு அரசுப் பணம் கிடைத்திருக்கும். கிடைத்தது 2.7. அவருடைய ஆதரவாளர்களில் சிலர் கெட்டிக்காரத்தனமான வழி ஒன்றையும் கண்டுபிடித்தார்கள். இழுபறி மாநிலத்தில் இருக்கும் நேடர் வாக்காளர் கோருக்குப் போடுவார்; பதிலுக்கு, முடிவு முன்பே தெரிந்த மாநிலத்தில் இருக்கும் கோர் வாக்காளர் நேடருக்குப் போடுவார். இணையத்தில் ஜோடி சேர்த்துக்கொண்டார்கள். கலிபோர்னியா அதிகாரிகள் இதைக் குற்றம் என்று மிரட்டி நிறுத்தினார்கள். இப்படிப் பேசி வைத்துக்கொள்வது பேச்சுரிமைக்குள் அடங்கும் என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது 2007இல். புஷ்ஷின் இரண்டாவது ஆட்சியே பாதிக்கு மேல் ஓடிவிட்டது.

நேடர் நின்றதில் தவறில்லை. அவருக்குப் பின் ஓர் ஒஹையோ இல்லாததுதான் குறை. அமெரிக்க நாடாளுமன்றத்துக்குப் பசுமைக் கட்சிச் சின்னத்தில் இன்றுவரை ஒருவர்கூட ஜெயித்துப் போனதில்லை.

மறுபக்கமும் உண்டு. 1991இல் லூசியானா மாநில கவர்னர் தேர்தலின் கடைசிச் சுற்றில் நின்ற ஒருவர் டேவிட் ட்யூக், கூ க்ளக்ஸ் க்ளான் என்ற வெள்ளை இனவெறி அமைப்பின் முன்னாள் தலைவர். இன்னொருவர் எட்வின் எட்வர்ட்ஸ், ஊழல் வழக்கில் கூண்டேறி வந்த பழைய கவர்னர். "திருடனுக்கே போடுங்கள், விஷயம் முக்கியம்" என்ற பொருளில் ஸ்டிக்கர்கள் கார்களின் பின்னால் ஒட்டப்பட்டன. 61 சதவீதத்தோடு எட்வர்ட்ஸ் ஜெயித்தார். 2000இல் வேறொரு ஊழல் வழக்கில் குற்றவாளி என்று தீர்ப்பாகி, பின்னர் சிறைக்கும் போனார். ஓட்டுப் போட்டவர்கள் யாரும் ஏமாந்ததாகச் சொல்ல முடியாது. ஸ்டிக்கரிலேயே எழுதித்தானே ஒட்டினார்கள்? இந்த இடத்தில் மனசாட்சி என்று சொல்லி இருவருக்கும் போடாமல் இருப்பது சுகமான காரியம். க்ளான் யாரைக் குறி வைத்ததோ, அவர்களுக்கு அந்தச் சுகம் இல்லை.

ஒவ்வொரு தடவையும் இந்தத் தர்மசங்கடம் ஏன் வருகிறது? வாக்காளரின் மனசாட்சியைவிட வாக்குச் சீட்டுதான் அதற்குக் காரணம். ஒரு பெயர் மட்டும் சொல்லலாம், அதிக ஓட்டு வாங்கியவர் ஜெயித்தார் என்ற முறை இரண்டு பெரிய கட்சிகளை வளர்த்து மற்றவற்றை ஒதுக்கிவிடும் என்று பிரெஞ்சு அறிஞர் மொரிஸ் டுவெர்ஜே 1950களிலேயே எழுதினார். இந்தியாவிலும் அதே முறைதான். "ஓட்டைப் பிரிக்க வந்தவர்" என்ற வசவு நம் தேர்தல் மேடைகளில் ஓயாமல் ஒலிப்பது இதனால்தான்.

அமெரிக்காவின் மெயின் மாநிலத்தில் 2010இல் குடியரசுக் கட்சியின் பால் லெபேஜ் சுமார் 38 சதவீதத்தில் கவர்னரானார். சுயேச்சை எலியட் கட்லர் 36. ஜனநாயகக் கட்சிக்கு 19. அங்கே ஓட்டைப் பிரித்தது பெரிய கட்சி! 2016இல் மக்கள் வாக்கெடுப்பு நடத்தி, 1, 2, 3 என்று வரிசைப்படுத்தும் சீட்டைக் கொண்டுவந்தார்கள். முதல் ஆள் தோற்றால் ஓட்டு இரண்டாவது ஆளுக்குப் போகும். 2018இல் நாடாளுமன்றத் தொகுதி ஒன்றில் முதல் எண்ணிக்கையில் பின்தங்கிய ஜாரெட் கோல்டன், அடுத்த விருப்பங்கள் சேர்ந்ததும் ஜெயித்தார்.

இதைவிடப் பழைய ஏற்பாடு நமக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. இலங்கையின் ஜனாதிபதித் தேர்தல்களில் 1982 முதலே வாக்காளர் மூன்று விருப்பங்கள் வரை குறிக்கலாம். ஈழத்தமிழரைப் போலக் கொள்ளி பார்த்து ஓட்டுப் போட்டவர்கள் குறைவு. 2010 ஜனவரியில், உள்நாட்டுப் போர் முடிந்து எட்டே மாதத்தில், ஜனாதிபதி ராஜபக்சேவுக்கு எதிராக நின்றவர் அந்தப் போரை நடத்திய ராணுவத் தளபதி பொன்சேகா. தமிழ் வேட்பாளராக சிவாஜிலிங்கமும் நின்றார். யாழ்ப்பாணத்தில் வாக்களிக்க வந்தவர்களே குறைவு. வந்தவர்களில் பெரும்பாலோர் தளபதிக்குத்தான் போட்டார்கள். 2024இல் தமிழ்ப் பொது வேட்பாளராக நின்ற அரியநேத்திரனுக்கு 2,26,343 பேர் போட்டார்கள். அந்த ஆண்டு ஜெயித்த அநுர குமார திசாநாயக்கவும் மூன்றாவது அணிதான். ஐந்து வருஷம் முன்னால் அவர் வாங்கியது 3.16 சதவீதம்.

முதல் எண்ணிக்கையில் அவருக்கு 42.31. யாருக்கும் பாதி வராததால், இலங்கை வரலாற்றில் முதல் தடவையாக விருப்பு வாக்குகளை எண்ண உட்கார்ந்தார்கள். அநுரவும் இரண்டாவதாக வந்த சஜித் பிரேமதாசவும் தவிர மற்றவர்களுக்கு விழுந்திருந்த செல்லுபடியான சீட்டுகள் ஏறத்தாழ 33 லட்சம். ஒவ்வொன்றாக எடுத்து இந்த இருவரில் யாருக்காவது எண் இருக்கிறதா என்று பார்த்தார்கள். அநுரவுக்கு 1,05,264. சஜித்துக்கு 1,67,867. மீதி முப்பது லட்சத்துச் சொச்சம் சீட்டுகளில் இருவர் பெயருக்கும் எதிரே எண்ணிக்கையில் சேரும் எண் எதுவும் இல்லை.