தேனும் எலியும்

சின்ன வயதில் கசப்பு மருந்தைத் தேனில் குழைத்துத்தான் பாட்டி நாக்கில் தடவுவார். அங்கே தேன் மருந்துக்குத் துணை. அந்தத் துணையே மருந்தாகிவிட்டால்?

அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் மார்பகப் புற்றுநோய் விஷயத்தில் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். அவர்கள் எடுத்துக்கொண்டது மனுகா தேன். நியூசிலாந்தில் மனுகா என்று ஒரு புதர்ச்செடி. அதன் பூக்களிலிருந்து தேனீக்கள் சேர்ப்பது. கிருமிகளைக் கொல்லும் மெத்தில்கிளையாக்சால் என்ற பொருள் இதில் மற்ற தேன்களைவிட அதிகம்.

மார்பகப் புற்றுநோயில் பெரும்பாலானவை ஈஸ்ட்ரோஜன் ஹார்மோனின் தூண்டுதலால் வளர்கின்றன. அந்த வகைச் செல்களை எலிகளின் உடம்பில் வளரவிட்டு, வாய்வழியாக இந்தத் தேனைக் கொடுத்தார்கள். கட்டியின் வளர்ச்சி 84 சதவீதம் குறைந்தது! நல்ல செல்களுக்குப் பெரிய பாதிப்பும் இல்லை. 2024இல் இந்த முடிவு வெளியானது.

சந்தோஷமான செய்திதான். ஆனால் எலியிலிருந்து மனிதருக்கு வர நெடுந்தூரம் நடக்க வேண்டும். ஆய்வுக்கூடத்தில் ஜெயித்த எத்தனையோ பொருள்கள் பாதி வழியிலேயே நின்றுபோயிருக்கின்றன. அதனால் மார்பில் கட்டி தென்பட்டால் தேன் பாட்டிலைத் தேடாதீர்கள்; டாக்டரைத் தேடுங்கள்.

ஒருவர் டாக்டரிடம் போனார்.

"பேப்பர்ல படிச்சேன் டாக்டர். அன்னியிலேர்ந்து தினமும் அரை பாட்டில் தேன் குடிக்கிறேன்."

ரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்துவிட்டு டாக்டர் சொன்னார்:

"எலிக்குக் கட்டி குறைஞ்சுது. உங்களுக்குச் சர்க்கரை கூடியிருக்கு!"