கொஞ்சமா தெரிஞ்சவங்க

இன்னைக்கு லிங்க்ட்இன் பத்திப் பேசலாம். புரொஃபைல் போட்டோ, ஹெட்லைன் டிப்ஸ் எல்லாம் இல்லை. அங்கே நாம யார்கிட்ட பேசுறோம், என்ன கேக்குறோம் என்பதுதான் இன்றைய விஷயம்.

மார்க் கிரானோவெட்டர்னு ஒரு அமெரிக்க சமூகவியலாளர். 1973-ல ஒரு கட்டுரை எழுதினார். பாஸ்டன் பக்கத்துல, தெரிஞ்சவங்க மூலமா வேலை மாறினவங்ககிட்ட அவர் கேட்டது ரொம்ப எளிமையான கேள்வி: வேலையைப் பத்திச் சொன்னவரை அப்போ எவ்வளவு அடிக்கடி பார்த்துட்டு இருந்தீங்க? 'அடிக்கடி'ன்னு சொன்னவங்க சுமார் 17 சதவீதம்தான். மத்தவங்க எல்லாருக்கும் தகவல் வந்தது எப்பவாவது பார்க்கிற ஆட்கள்கிட்ட இருந்து.

காரணம் ரொம்ப சிம்பிள். நம்ம நெருங்கின நண்பர்களுக்கு, நமக்குத் தெரிஞ்சதுதான் தெரியும். காலேஜ் வாட்ஸ்அப் குரூப்பைப் பாருங்க. ஒரே ஓப்பனிங்கை மூணு பேர் ஃபார்வர்ட் பண்ணியிருப்பாங்க. புதுத் தகவல் வேற வட்டத்துல இருந்துதான் வரணும்.

2022-ல 'சயின்ஸ்' இதழ்ல இதையே பெரிய அளவுல சோதிச்சு எழுதினாங்க. லிங்க்ட்இன்ல 'உங்களுக்குத் தெரிந்தவராக இருக்கலாம்'னு ஆட்களைக் காட்டுது இல்லையா, அதை மாத்தி மாத்திக் காட்டி, 5 வருஷத்துல 2 கோடி பேருக்கு மேல கவனிச்சாங்க. வேலை மாற அதிகம் உதவினது ரொம்ப நெருங்கினவங்களும் இல்லை, சம்பந்தமே இல்லாதவங்களும் இல்லை. ஓரளவுக்குப் பொதுவான தொடர்புகள் இருக்கிற, கொஞ்சமா தெரிஞ்சவங்கதான்.

ஆனா என் அனுபவத்துல, இவங்களோட பெரிய உதவி ரெஃபரல் இல்லை. எந்தப் பக்கம் போறதுங்கிற தெளிவு. போன வருஷம் எனக்கு ஒரு குழப்பம்: டீம் லீட் ஆகிறதா, கோட் எழுதுற பக்கமே இருக்கிறதா? வீட்டுல கேட்டா "பிரமோஷனை யாராவது வேண்டாம்பாங்களா?" நண்பர்களும் என்னை மாதிரியே குழப்பத்துல. காலேஜ்ல ரெண்டே தடவை பேசின ஒரு சீனியர் அக்காவுக்கு மெசேஜ் போட்டேன். "எது நல்லது?"ன்னு கேக்கலை. "அக்கா, நேத்து முழுக்க என்ன வேலை பார்த்தீங்க?"ன்னு கேட்டேன்.

ஆறு மீட்டிங், ஒரு அப்ரைசல் சண்டை, ஒருத்தரோட ராஜினாமாவைத் தள்ளிப்போட வெச்சது. சொல்லிட்டு, "இதுல எனக்குப் பிடிச்சது அந்தக் கடைசி வேலைதான்"னாங்க. அந்த ஒரு வரியிலேயே எனக்குப் பதில் கிடைச்சிடுச்சு. எனக்கு அந்த நாள்ல எதுவுமே பிடிக்கலை. சம்பளம் கொஞ்சம் மெதுவா ஏறினாலும் பரவாயில்லைன்னு டெக்னிக்கல் பக்கமே இருந்துட்டேன்.

"தெரியாதவங்களை எப்படித் தொந்தரவு பண்றது?"ன்னு நமக்கு ஒரு கூச்சம் இருக்கு. "ஹாய் சார், எனி ஓப்பனிங்ஸ்?"னு அனுப்பினா அவங்களுக்கு அது ஒரு வேலை. யார் நீங்க, எப்படிப் பழக்கம், அவங்க வேலையைப் பத்தி ஒரே ஒரு கேள்வி. நாலு வரி போதும். பதில் வரலைன்னா மனசுல வெச்சுக்காதீங்க. வந்தா, அந்தத் தகவல் எப்படி உதவுச்சுன்னு ஒரு மாசம் கழிச்சு மறக்காம சொல்லுங்க. பழக்கம் அங்கேதான் ஆரம்பிக்குது.

இந்த வாரம் அப்படி ஒருத்தருக்கு எழுதிப் பாருங்க. அடுத்த எபிசோட்ல சந்திக்கலாம்.